ஐயருக்கு ஓய்வு வேண்டி ஒரு ஜெபக்கூட்டம்

என் கணவர் ஒரு கல்யாணத்தில் அடக்க ஆராதனையை வாசித்தார். யாரோ சொல்லிக் கேட்டதல்ல. முதல் வரிசையில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். மணப்பெண் முக்காட்டு வலைக்குள் தலை குனிந்து நின்றாள். மாப்பிள்ளை புதுக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றான். என் கணவர் இருவரையும் மிகுந்த பரிவோடு பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், குழியருகே நின்று சொல்லவேண்டிய வார்த்தைகளைக் கணீரென்று சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது வரிக்கு வந்த பிறகுதான் உபதேசியார் பின்னாலிருந்து அங்கியைப் பிடித்து இழுத்தார். அதற்குள் பெண்ணைப் பெற்றவள் மயங்கிச் சரிந்துவிட்டாள்.

அந்த ஒரே வாரத்தில் அவருக்கு அது ஐந்தாவது ஆராதனை. முன்னால் நடந்த நான்கும் அடக்கம். வாய் பழகிய தடத்திலேயே போய்விட்டது. தூங்காத மனிதனுக்கு இப்படி ஆகும் என்று அந்தக் கோயிலில் இருந்த இருநூறு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அப்போது நாங்கள் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சபையில் இருந்தோம். நாடு சுதந்திரம் அடைந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஜனங்கள் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். ராணுவ மெஸ்ஸில் சமையல் செய்பவர்கள், ஃபாக்டரியில் ஃபிட்டர்கள், நர்சுகள், டீச்சர்கள், ஆபீஸ் கிளார்க்குகள், நீலசந்திராவின் லைன் வீடுகளில் கூலிவேலை செய்பவர்கள் எல்லாரும் சபையில் உண்டு. வேறு எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மனதாக இருந்தார்கள். ஐயர் வந்து ஜெபிக்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

எதையும் என்றால் எதையும்தான். அடுகோடியில் ஒருவர் தன் பட்டறைக்கு லேத் மெஷின் வாங்கினார்; ஐயர் போய் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். ஒருத்தி தையல் மெஷின் வாங்கினாள், அதற்கும் போனார். புதுக் கட்டில், புது சைக்கிள், கன்று போட்ட மாடு, பரீட்சைக்குப் போகிற பேனா. ஒரு வீட்டில் மருமகள் மாமியாரோடு மூன்று வாரமாகப் பேசவில்லை. அவள் பேச வேண்டும் என்று மாமியார் கேட்டு ஒரு ஜெபம், மாமியார் வாயை மூட வேண்டும் என்று மருமகள் கேட்டு இன்னொரு ஜெபம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டு வந்தார் என் கணவர். எதைக் கடவுள் கேட்டாரோ தெரியாது.

இதற்கெல்லாம்தான் உபதேசியார் என்று ஒருவர் இருந்தார். வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும் வேதம் வாசித்துக் காட்டுவதும் அவர் உத்தியோகம். பெண்டாட்டி இறந்தபின் கோயில் வளாகத்திலேயே ஒரு அறையில் இருந்தார். சாதுவான மனிதர். என் கணவரைவிடச் சுருக்கமாக ஜெபிப்பார், அதுவே எனக்குப் பெரிய குணமாகத் தெரிந்தது. ஆனால் அவரை அனுப்பினால் மறுநாளே ஆள் வந்து நிற்கும்.

"உபதேசியாரு வந்துட்டுப் போனாரும்மா. நல்லாத்தான் ஜெபிச்சாரு. ஆனா ஐயரு ஒருக்கா வந்து ஜெபிச்சாத்தான் எங்களுக்கு நெம்மதி."

ஆக, உபதேசியாரின் ஜெபம் பாதி தூரம்தான் மேலே போகும் என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. இப்படி எந்த வேதத்திலும் இல்லை. கோயிலைப் பெருக்குகிறவர் முதல் கமிட்டி செயலாளர் வரை எல்லாரும் இதை நம்பினார்கள். என் கணவரும் நம்பினார் என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று.

போகிற வீட்டில் எல்லாம் வாயை நனைக்காமல் எழுந்து வரக் கூடாது. ஒரு சாயங்காலத்தில் ஆறு வீடு என்றால் ஆறு டம்ளர் காபி, ஆறு தட்டு முறுக்கு. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கிளார்க் வீட்டில் குடித்துவிட்டு லைன் வீட்டில் வேண்டாம் என்றால், "எங்க கையால குடிக்க மாட்டாரு" என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. முன்னால் இருந்த சில ஐயர்கள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். அதனால் என் கணவர் எல்லா வீட்டிலும் குடித்தார். வயிறு எரிய எரிய வீட்டுக்கு வந்து, நான் வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். திங்கட்கிழமை ஐயருக்கு ஓய்வு என்று சபை விதியிலேயே இருந்தது. ஐயர் வீட்டில் சும்மா இருக்கிற நாள் என்று தெரிந்துகொண்டு எல்லாரும் திங்கட்கிழமைதான் வந்தார்கள்.

கல்யாண விவகாரத்துக்கு மறுநாள் கமிட்டி கூடியது. செயலாளர் ராணுவ ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் விட்ட அதிகாரத்தைக் கோயிலில் பிடித்துக்கொண்டவர். சத்துரு நம்முடைய ஐயரைத் தாக்கிவிட்டான் என்று அவர் முடிவு கட்டினார். கண்பட்டுவிட்டது என்று சொன்னால் அஞ்ஞானம். சத்துருவின் கிரியை என்று சொன்னால் விசுவாசம். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னதை யாரும் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

நான் என் கணவரை லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கன்னடக்கார அம்மா, தமிழும் நன்றாகப் பேசுவாள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினாள்.

"இவருக்குத் தனியா ஒரு வியாதி இல்லம்மா. ஆளே தேஞ்சு போயிருக்காரு. பிரஷர் மேல மேல ஏறிட்டிருக்கு. ஒரு மாசம் மனுஷங்க மூஞ்சியே பாக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். அப்புறமும் அரை நாள் வேலை. சைக்கிள் கூடவே கூடாது. இல்லேன்னா ஒரு நாள் அப்படியே விழுந்துடுவாரு. அப்ப என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

இதை அப்படியே செயலாளரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். மனிதருக்கு ஈரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐயருக்குப் பூரண ஓய்வு கிடைக்க வேண்டும் என்று சபையாகக் கூடி நாற்பது நாள் ஜெபிக்கலாம் என்றார். எங்கே என்றேன். "வேற எங்கம்மா? ஐயர் வூட்லதான்" என்றார்.

நாற்பது நாளும் எங்கள் முன்னறையில், சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை. ஒரு நாள் நீலசந்திராக்காரர்கள், ஒரு நாள் அடுகோடிக்காரர்கள், ஒரு நாள் ஸ்திரீகள் சங்கம், ஒரு நாள் வாலிபர் சங்கம் என்று முறை போட்டுக்கொண்டார்கள். ஹார்மோனியம் வந்தது, கஞ்சிரா வந்தது. பக்கத்து அறையில் நோயாளி படுத்திருக்க, அவருக்குத் தூக்கம் வர வேண்டும் என்று தொண்டை கிழியப் பாடினார்கள். ஒருவர் அழுதால் எல்லாரும் அழுதார்கள். நான் சமையலறையில் முப்பது டம்ளர் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஐயர் வீட்டுக்கு வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்பினால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா?

இதில் உச்சம் கடைசியில்தான். கூட்டம் முடிய வேண்டுமானால் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். ஆசீர்வாதம் சொல்ல அபிஷேகம் பெற்றவர் வேண்டும். உபதேசியார் சொல்லக் கூடாது, செயலாளர் சொல்லக் கூடாது. அதனால் ஒவ்வொரு நாளும் ஏழரை மணிக்கு யாராவது ஒருவர் படுக்கையறை வாசலில் வந்து நின்று மெதுவாகக் கேட்பார்.

"ஐயரே, சிரமப்படாதீங்க. ஒரே ஒரு வார்த்தை. ஆசீர்வாதம் மட்டும் சொல்லி முடிச்சு வெச்சுடுங்க."

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கையைத் தூக்குவார். அவருடைய ஓய்வுக்காக நடந்த கூட்டத்தை அவரே முடித்துவைப்பார். பிறகு ஒவ்வொருவராக வந்து, "எங்க வூட்டுக்கும் ஒரு ஜெபம் இருக்குது ஐயரே, சொகமானதும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆறாவது நாள், கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கஞ்சி கொண்டுபோனேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். புழுக்கமாக இருக்கிறதே என்று போர்வையை விலக்கினேன். உள்ளே வெள்ளை அங்கி, கழுத்துப்பட்டி, எல்லாம் போட்டுத் தயாராக இருந்தார். கூப்பிடும் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சியை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். வெளியே செயலாளரின் செருப்பு இருந்தது, அதை நினைத்து ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவரை எழுப்பி, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஓசூர் ரோட்டில் பஸ் ஏற்றினேன். அத்திபெலேயில் என்னோடு டிரெயினிங் படித்த டீச்சர் ஒருத்தி தனியாக இருந்தாள். அவள் வீட்டின் பின்கட்டு அறையில் ஒரு மாதம் இருக்கலாம் என்று சொல்லியிருந்தாள். உபதேசியாருக்கு மட்டும் ஒரு சீட்டு எழுதிக் கதவில் செருகினேன். எங்கே போகிறோம் என்று அதில் எழுதவில்லை. முப்பது வருஷம் ஐயரம்மாவாக இருந்ததில் நான் செய்த உருப்படியான ஊழியம் அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

போன முதல் நாள் படுத்தவர் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது நாள் சாப்பிட்டார். மூன்றாவது நாள் அறைக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தார். "யாரும் தேடி வரலையா?" என்றார். வர வழியில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான்காவது நாள் ஆளைக் காணோம். அத்திபெலே மாநில எல்லையில் இருப்பதால் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும். டீக்கடையில் விசாரித்துக்கொண்டு அங்கே போனேன். சேலத்து லாரி ஒன்று, புத்தம் புதுசு, நெற்றியில் மஞ்சள் குங்குமம், முகப்பில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் கணவர் லாரியின் மூக்கில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"பாதிரி சாமி அவராவே வந்து கேட்டாரும்மா, ஜெபிக்கட்டுமான்னு" என்றார் டிரைவர். "நல்லதுதானேன்னு சொன்னேன்."

கேட்காத லாரிக்குப் போய் ஜெபித்திருக்கிறார். இந்தச் சபைக்கு வந்த பதினோரு வருஷமும் எங்கள் ஜனங்களை நான் கரித்துக்கொட்டியது இவருக்காகத்தான். அவர்கள் இவரைப் பிடுங்கித் தின்றார்கள் என்று நினைத்தேன். இவரே தன்னைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றிருக்கிறார். நடுரோடு என்றும் பார்க்கவில்லை, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"நீங்க இல்லேன்னா சபை நடக்காதா? ஒரு மாசத்துல இடிஞ்சு விழுந்துடுமா? அப்படி என்ன பயம் உங்களுக்கு?"

அவர் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். லாரி கிளம்பிப் புழுதி அடங்கியது.

"நடக்காதுன்னு பயமில்ல" என்றார். "நடந்துடுமோன்னுதான் பயம்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு அற்பமான பயமா என்று இளக்காரம்தான் வந்தது. அதை முகத்திலும் காட்டினேன். ஆனால் வாய்விட்டுச் சொன்னது அவருக்கு ஏதோ செய்துவிட்டது. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். அதற்குப் பிறகு செக்போஸ்ட் பக்கம் போகவில்லை. மீதி நாட்களில் துணி துவைத்தார், டீச்சரிடம் கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொண்டு கட்டி கட்டியாகக் கிண்டினார், கண்ணாடியைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் வாசிக்காமல் இருந்தார். ஒரு சாயங்காலம் நான் சொன்ன ஏதோ ஒரு வம்புப் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன வெட்கம்?

மாதம் முடிந்து திரும்பினோம். சபை இடிந்து விழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேறு சபையிலிருந்து ஒரு போதகர் வந்து போயிருக்கிறார். மற்றதெல்லாம் உபதேசியார் பார்த்துக்கொண்டார். நோயாளிகளைப் பார்த்தார், சண்டைகளைத் தீர்த்தார், ஒவ்வொரு வீட்டிலும் ஜெபித்தார். கூடுதலாக ஒருவரும் சாகவில்லை. ஐயர் வீட்டு ஜெபக்கூட்டம் ஆள் இல்லாத வீட்டில் எப்படி என்று ஒன்பதாவது நாளே நின்றுபோயிருந்தது. எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே ஆகியிருந்தது.

வந்த அன்று பகல் இரண்டு மணி இருக்கும், நல்ல வெயில். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நீலசந்திராவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்து ஐயரை இழுத்துக்கொண்டு போகிறவள். என் கணவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தோத்திரம் ஐயரே, நல்லா இருக்கீங்களா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் என் பக்கம் திரும்பினாள். "உபதேசியாரு இல்லீங்களாம்மா? வூட்டுக்குப் புது ஓடு மாத்திக்கிறோம். அவரு வந்து ஒரு ஜெபம் பண்ணாத் தேவலை."

என் கணவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் முகம் பற்றிக்கொண்டு எரிந்தது. பதினோரு வருஷமாக நான் கேட்டு அழுதது இதைத்தானே? உபதேசியார் போகட்டும், இவர் உட்காரட்டும் என்றுதானே? ஓட்டு வீட்டுக்காரி ஒருத்தி என் புருஷனை வராந்தாவில் கிடக்கிற பெஞ்சு மாதிரி தாண்டிப் போவதாவது!

"ஐயர் இருக்கறப்போ உபதேசியார் எதுக்கு?" என்றேன். குரல் ஓங்கித்தான் வந்தது.

அவள் பதறிவிட்டாள். "ஐயோ, அதுக்கில்லம்மா. ஐயருக்கு உடம்பு..."

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்காரு."

என் கணவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் தடவை வீட்டைவிட்டு இறங்கிப் போயிருக்கிறார், ஒருமுறையும் என்னைக் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"போகட்டுமா?"

போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். உட்கார்ந்திருப்பார், எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் அதற்குத்தான் காத்திருந்தது.

"போயிட்டு வாங்க" என்றேன். உள்ளே போய்க் கழுத்துப்பட்டியை எடுத்துவந்து நானே மாட்டிவிட்டேன். சைக்கிளில் தூசி படிந்திருந்தது, முந்தானையால் துடைத்தேன்.

அதற்குப் பிறகு தடுக்க யாரும் இல்லை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆயிற்று. நீலசந்திராக்காரிக்கு வந்தது அடுகோடிக்கு வராமல் இருக்குமா? உபதேசியார் தன் அறைக்குத் திரும்பிப் போனார். திங்கட்கிழமைகளில் வராந்தா நிறைந்தது. நான் காபி ஆற்றினேன், சபையைத் திட்டினேன்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயத்தில் சைக்கிளோடு ரோட்டோரம் விழுந்தார். யாரோ ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. வலது பக்கம் திரும்ப வரவில்லை, பேச்சும் குழறிப்போயிற்று. நான் போய்ச் சேர்வதற்குள் கமிட்டி முழுவதும் வார்டு வாசலில் நின்றது. லேடி டாக்டர் வெளியே வந்தாள். கோபத்தில் அவளுக்குத் தமிழும் கன்னடமும் கலந்து வந்தது.

"சைக்கிள் கூடாது, அரை நாள்தான்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இவரை மறுபடி வேலைக்கு அனுப்பினது யாரு?"

எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நானும் செயலாளரைத்தான் பார்த்தேன்.